அக்கா காய்ச்சிய உப்பும் ஒளி ஓடும் கால்வாயும்

எங்கள் குடும்பத்தில் உப்புக் காய்ச்சுகிற ஒரே ஆள் அக்காதான். புத்தளம் உப்பளத்தில் இல்லை, ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில். பெரியம்மை மகள். எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எச்.டி. எல்லாம் சேர்த்தால் எட்டு வருடக் கணக்கு. தலைப்பு 'நான் லீனியர் ஆப்டிகல்' படிகங்கள். வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் தாய்மாமா வைத்த பெயரே நிலைத்துவிட்டது: "பிள்ளை உப்பு காய்ச்சுகா."

மாமாவுக்குப் பூதப்பாண்டி பக்கம் உரக்கடை. அக்கா முதன்முதலாகப் படிகம் வளர்த்த உப்பின் பெயர் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். சுருக்கமாக கே.டி.பி. அதே சரக்கு மாமா கடையில் 0-52-34 என்று அச்சடித்த பையில் அடுக்கிக் கிடக்கிறது. தண்ணீரில் கரைத்து வாழைக்கும் பூச்செடிக்கும் தெளிப்பார்கள். ஆய்வகத்து உப்பு இதைவிட மிகச் சுத்தமானது, மற்றபடி சாமான் ஒன்றுதான். இது தெரிந்த நாளிலிருந்து மாமாவைப் பிடிக்க முடியவில்லை. "நம்ம கடையில கிடக்க உரத்துக்கு எதுக்குடே டாக்டர் பட்டம்?"

இதுவரை சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது விஷயம் சீரியஸ். அக்காவுக்குச் சென்னையில் ஓர் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பீக்கரில் வளர்க்கிற படிகம் இல்லை. சிப்புக்குள் ஒளி ஓடுகிற மெல்லிய பாதைகளுக்கான பொருள்களில் வேலை. தற்காலிக வேலை, வருடத்துக்கு வருடம் நீட்டிப்பார்கள். இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வகுப்பு எடுக்கிறாள், அது நிரந்தரம். பெரியம்மை கல்யாணப் பேச்சை எடுக்கிறார். மாமா என்னிடம் வந்தார். "நீ காமர்ஸ் படிக்கியே, இந்தத் தொழில் தேறுமா தேறாதான்னு பாத்துச் சொல்லு மக்கா."

ஒரு மாதம் அக்காவின் நோட்டுகளையும், அவளைப் பிடுங்கித் தின்று வாங்கிய பதில்களையும் வைத்து நான் புரிந்துகொண்டது இது. பிசிக்ஸ் மக்கள் மெதுவாகக் குட்டவும்.

முதலில் அந்த 'நான் லீனியர்'. கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் சத்தம் கொஞ்சம் கூடும். இன்னும் கூட்டினால் இன்னும் கூடும். போட்டது போட்டபடி வருகிறது, இது லீனியர். மைக்செட்காரர் உற்சாகத்தில் கடைசிவரை திருகிவிட்டால்? கரகரவென்று ஏதோ வரும். அந்தக் கரகரப்பு பாட்டில் கிடையாது. 500 அதிர்வெண்ணில் ஒரு நாதஸ்வர சுரம் உள்ளே போனால் வெளியே 500-உடன் 1000, 1500 என்று புதிய சுரங்களும் பிறந்து வருகின்றன. ஸ்பீக்கர் தன் தாங்கும் எல்லையைத் தாண்டியதால் வந்த வினை.

ஒளிக்கும் இதே கதைதான். கண்ணாடிக்குள் சிவப்பு போனால் சிவப்புதான் வெளியே வரும், காலம் காலமாக அப்படித்தான். காரணம், நாம் பார்க்கிற எந்த வெளிச்சமும் கண்ணாடியின் எலக்ட்ரான்களைக் கரகரக்க வைக்கும் அளவுக்கு வலுவானது இல்லை. 1960-ல் மெய்மன் லேசரைச் செய்த பிறகுதான் அந்த வால்யூம் கிடைத்தது. மறு வருடமே, 1961-ல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் 694 நானோமீட்டர் சிவப்பு லேசரை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் அனுப்பினார்கள். மறுபக்கம் சரிபாதி அலைநீளத்தில், 347 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி துளியூண்டு வந்தது. ஃபோட்டோ தகட்டில் சின்னதாக ஒரு புள்ளி. இதில் ஒரு கூத்து உண்டு. கட்டுரையை அச்சிட்ட ஆய்விதழில் யாரோ அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். கண்டுபிடிப்பை அறிவித்த படத்தில் கண்டுபிடிப்பைக் காணோம் :)

எல்லாப் படிகமும் இதைச் செய்யாது. நம் பாஷையில் சொன்னால், பற்றும் வரவும் அப்படியே டேலி ஆகிற படிகத்தில் பயன் இல்லை. நடுவில் ஒரு புள்ளியை வைத்து இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அந்தப் பக்கமும் இருக்கிற மாதிரி அணுக்கள் அமைந்திருந்தால், எலக்ட்ரான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடும். ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குகிற பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடும். சாப்பாட்டு உப்பு அப்படி டேலி ஆகிற ரகம். கம்ப்யூட்டர் சிப் செய்கிற சிலிக்கானும் அதே ரகம் (இதை மறக்காதீங்க, பின்னால் வரும்). கே.டி.பி. டேலி ஆகாது. மாமா கேலி செய்கிற உரத்துக்கு இருக்கிற பெருமை இது. உப்பு என்றாலும் லேசான உப்பு இல்லை.

இப்போது அக்காவின் ஆய்வகம். தமிழ்நாட்டுக் கல்லூரி இயற்பியல் துறைகளில் பீக்கரும் படிகமும் இல்லாத இடம் அபூர்வம். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே 1980களிலிருந்து தனி மையம் இருக்கிறது. அங்கே தொடங்கிய பழக்கம் தெற்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் வரை பரவிவிட்டது. காரணம் எளிது. பெரிய மெஷின் வேண்டாம். ஒரு பீக்கர், சூடாக்கிக் கலக்குகிற தட்டு, வடிதாள், ஊசியால் துளை போட்ட மூடி, பொறுமை. உப்பை இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து, வடிகட்டி, மூடி, அசையாமல் வைத்துவிட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அடியில் பொடிப்பொடியாகப் படிகம் விழும். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, நைலான் நூலில் கட்டி, புதிய கரைசலில் தொங்கவிட்டால் அதன்மேல் படிந்து வளரும். அவ்வளவுதான். உப்பளத்து வேலையேதான், மாமா சொன்னதில் பாதி உண்மை.

அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டேன், செய்கிறவளைக் கேட்டால் தெரியும். நம்ம மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். காற்றில் ஈரம் கூடினால் ஆவியாவது நின்றுவிடும். கரண்ட் போனால் வெப்பநிலை மாறி, வளர்ந்தது திரும்பக் கரையும். ஒருமுறை முப்பத்தைந்து நாள் வளர்ந்த படிகத்தின் பீக்கரில் எறும்பு விழுந்து எல்லாம் பாழ். கொடுமை என்னவென்றால், வளர்ந்த படிகத்தின் ஒரு துண்டை உரலில் இடித்துப் பொடியாக்க வேண்டும். அப்படித்தான் சோதனை. 1968-ல் கர்ட்ஸ், பெர்ரி என்ற இருவர் சொன்ன முறை இது. பொடியின்மேல் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை அடித்தால், சரக்கு நல்லதாக இருந்தால் 532-ல் பச்சையாக மின்னும். அந்தப் பச்சை எவ்வளவு என்பதை அதே அளவு கே.டி.பி. பொடியோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். லேசர் இங்கே இல்லை. பொடியைப் பொட்டலம் கட்டிக் கூரியரில் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்க வேண்டும். அக்காவின் அமினோ அமிலம் கலந்த படிகத்துக்கு வந்த பதில்: கே.டி.பி.யைவிட 1.3 மடங்கு. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ஜிகிர்தண்டா வாங்கித் தந்தாள்.

(அந்தப் பச்சையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவிழாக் கடையில் விற்கிற பச்சை லேசர் டார்ச்சில் 532 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு குட்டிப் படிகம் உட்கார்ந்து 1064-ஐ இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து யார் கண்ணிலும் அடிக்காதீங்க.)

சரி, இந்த 1.3-ஐ வைத்துக்கொண்டு சிப்பில் என்ன செய்ய முடியும்? இங்கேதான் கதை பீக்கரை விட்டுக் கால்வாய்க்குப் போகிறது.

பேச்சிப்பாறையில் தேங்கி நிற்கிற தண்ணீர் அமைதியாக இருக்கும். அதே தண்ணீரை அனந்தனாற்றுக் காலில் ஒடுக்கி விட்டால் வேகம் தெரியும். மடையில் இன்னும் ஒடுக்கினால் கால் வைக்க முடியாது. ஒளியையும் அப்படி ஒடுக்கலாம். ஒளிவிலகல் எண் கூடிய பொருளில் ஒரு கோடு இழுத்து, சுற்றிலும் எண் குறைந்த பொருளை வைத்தால், ஒளி முழு அக எதிரொளிப்பில் உள்ளேயே மாட்டிக்கொண்டு ஓடும். இதற்குப் பெயர் வேவ்கைடு. நான் ஒளிக்கால்வாய் என்று சொல்லிக்கொள்கிறேன். ஃபைபர் கேபிளும் இதுதான், ஆனால் சிப்பில் இருப்பது இன்னும் பொடிசு. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. சுற்றியிருக்கிற சிலிக்கா கண்ணாடிக்கு 1.44. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் கால்வாயின் அகலம் 0.45 மைக்ரான், உயரம் 0.22 மைக்ரான் இருந்தாலே போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதுதானே நமக்குத் தெரிந்தது. அந்தக் கால்வாயின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. அதில் 100 மில்லிவாட் ஒளியை அனுப்பினால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி வாட் ஆகிறது! உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 வாட்தான். நூறு கோடி மடங்கு. ஆளைக் கொல்கிற பெரிய லேசர் எதுவும் தேவையில்லை. கால்வாயை வளையமாகச் செய்து ஒளியைச் சுற்றவிட்டால் இன்னும் சேரும். ஃபிராங்கன் அறை நிறையக் கருவி வைத்துச் செய்ததை நகக்கண் அளவுச் சிப்பில் செய்யலாம் என்ற ஆசை வந்தது இப்படித்தான். டேட்டா சென்டர்களில் செம்புக் கம்பி சூடாகித் திணறுகிறது, அதனால் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒளியைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். தொழில் தேறுமா என்ற மாமாவின் கேள்விக்கு, தேவை இருக்கிறது என்பது பதிலின் முதல் பாதி.

பொருள் எது என்பதுதான் மறுபாதி. சிலிக்கான் கையில் இருக்கிறது, அதைச் செதுக்க உலகமெங்கும் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன மாதிரி அது டேலி ஆகிற ரகம், இரட்டிப்பு வராது. மூன்றாம் படி விளைவு மட்டும் உண்டு, அது சிலிக்கா கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல். அதையாவது பயன்படுத்தலாம் என்றால் அங்கேயும் ஒரு வில்லன். ஃபைபரில் ஓடுகிற 1550 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் ஃபோட்டானை விழுங்குவதற்கு 1.12 வேண்டும். ஒன்று வந்தால் விட்டுவிடும். இரண்டு ஒன்றாக வந்தால் 1.6, லபக். ஒளியைக் கூட்டக் கூட்ட நஷ்டமும் கூடுகிற தொழில் இது. விழுங்கியதில் பிறந்த எலக்ட்ரான்கள் அங்கேயே கிடந்து வருகிற ஒளியையும் குடிக்கும்.

இந்த இடத்தில் நம்ம ஆள் ஒருவர் வருகிறார். சர் சி.வி. ராமன். திருச்சிக்காரர் என்பதால் நம்ம ஆள் என்று சொல்லவில்லை, அக்கவுன்ட்ஸ்காரர் என்பதால் சொல்கிறேன். 1907-ல் இந்திய நிதித்துறையில் சேர்ந்து கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக உத்தியோகம் பார்த்தவர். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வகத்துக்கு ஓடி ஓடிச் சோதனை செய்தார். 1917-ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் வேலைக்குப் போனார் (மாமா, கவனிக்கவும்). 1928-ல் அவரும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும், ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதி நிறம் மாறுகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து 76 வருடம் கழித்து, 2004-ல், கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸில் பொய்ராஸ், ஜலாலி என்ற இரண்டு பேர் சிலிக்கான் கால்வாயில் ஒளியை அனுப்பி, அந்த ராமன் சிதறலைக் கொண்டே சிலிக்கானை லேசராக்கினார்கள். சாதாரணமாக ஒளியே உமிழத் தெரியாத பொருள் சிலிக்கான்! ஆனால் விட்டு விட்டுத் துடிப்பாகத்தான் வந்தது, காரணம் மேலே சொன்ன வில்லன். 2005-ல் இன்டெல் ஆட்கள் கால்வாயின் இரண்டு பக்கமும் ஒரு டயோடு அமைத்து, கிடக்கிற எலக்ட்ரான்களை மின்னழுத்தத்தால் இழுத்து வெளியே தள்ளினார்கள். வயலில் தேங்கின தண்ணீரை வடிய விடுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் லேசர் தொடர்ச்சியாக எரிந்தது.

இத்தனை பாடு எதற்கு, வேறு பொருளுக்குப் போகலாமே என்று சிலிக்கான் நைட்ரைடுக்குப் போனார்கள். அதன் விளைவு சிலிக்கானைவிடக் குறைச்சல், ஆனால் இரண்டு ஃபோட்டானை விழுங்குகிற வியாதி கிடையாது. நஷ்டமும் மிகக் குறைவு. நஷ்டம் என்பதைத் தேய்மானக் கணக்கு மாதிரிப் பாருங்கள், குறைந்து செல் மதிப்பு முறை. சென்டிமீட்டருக்கு 3 டெசிபல் நஷ்டம் உள்ள கால்வாயில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பாதி போகும். 10 சென்டிமீட்டர் ஓடினால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மீட்டருக்கு 1 டெசிபல் என்றால் அதே 10 சென்டிமீட்டருக்குப் போவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். நல்ல நைட்ரைடுக் கால்வாய்கள் இந்த இரண்டாவது ரகம். மெதுவாகச் சம்பாதித்தாலும் செலவே இல்லாத ஆள்.

இரட்டிப்பு வேண்டும் என்றால், லித்தியம் நியோபேட். டேலி ஆகாத படிகம். அதன் குணகம் கே.டி.பி.யைவிட 60 மடங்குக்கு மேல். அதோடு, மின்னழுத்தம் கொடுத்தால் ஒளிவிலகல் எண் மாறும். கம்ப்யூட்டரின் மின்சார 0, 1-ஐ ஒளியின் 0, 1-ஆக மாற்ற இந்தக் குணம் போதும், அதனால் தொலைத்தொடர்பில் பல காலமாக இருக்கிறது. ஆனால் பழைய மாடுலேட்டர் விரல் நீளம் இருக்கும். படிகத்தை மைக்ரானுக்கும் குறைவான தடிப்புள்ள தகடாக்கி, கண்ணாடி மேல் ஒட்டி, அதில் கால்வாய் செதுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. 2018-ல் ஹார்வர்டும் நோக்கியா பெல் ஆய்வகமும் சேர்ந்து, சாதாரணச் சிப் தருகிற சிறிய மின்னழுத்தத்திலேயே இயங்குகிற ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

இப்போது அக்காவின் 1.3-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

60-ஐயும் 1.3-ஐயும் நேராக ஒப்பிட முடியாது, ஒன்று குணகம், மற்றது பொடியின் வெளிச்சம் என்று அக்கா திருத்தினாள். எண் அவளுக்கும் பெரிய கவலை இல்லை. வேறு கேள்விகள்தான். பீக்கர் ஒரு கேள்விதான் கேட்கும்: டேலி ஆகிறதா, ஆகவில்லையா? சிப் அதற்குப் பிறகும் வரிசையாகக் கேட்கிறது. மெல்லிய படலமாகப் பரப்ப முடியுமா? செதுக்க முடியுமா, செதுக்கிய சுவர் வழவழப்பாக இருக்குமா? தயாரிப்பில் 300, 400 டிகிரி சூடு பட்டால் தாங்குமா? கழுவினால் இருக்குமா? கே.டி.பி. தண்ணீரில் கரையும். அமினோ அமிலப் படிகம் பலதும் 200 சொச்சம் டிகிரியில் சிதைந்துவிடும். எட்டு வருடம் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிக்கொண்டிருந்தோம், மற்றக் கேள்விகளை யாரும் கேட்கவே இல்லை என்றாள். கேட்டிருந்தாலும் பதில் எழுத மெஷின் இல்லை. கலக்கிற பொருளை மாற்றினால் புதுப் படிகம், புதுப் படிகம் என்றால் புதுக் கட்டுரை. கட்டுரைக்குத்தான் மதிப்பெண். பீக்கர் வைத்திருக்கிறவனிடம் பீக்கரில் விடை கிடைக்கிற கேள்விதானே வரும்? இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வீண் என்று மாமா மாதிரிச் சொல்லவும் மாட்டேன். அமெரிக்காவில் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்று ஒரு ராட்சச லேசர் இருக்கிறது. 192 கற்றைகள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் ஒளியைக் கொடுத்து 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலை எடுத்தது அதுதான். அந்த அகச்சிவப்பைப் புற ஊதாவாக மாற்றுகிற தகடுகள், ஒவ்வொன்றும் சுமார் 40 சென்டிமீட்டர் அகலம், எதனால் செய்தது? கே.டி.பி. மற்றும் அதன் கனநீர்த் தம்பி. கரைசலில் விதைப் படிகத்தைப் போட்டு வளர்த்தது. அதே உப்பு, அதே காய்ச்சல், தொட்டிதான் பெரிசு. மாமாவிடம் இதைச் சொன்னேன். கடையில் இருந்த 0-52-34 பையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

கரிமப் பொருளுக்கும் வழி அடைபடவில்லை. டாஸ்ட் என்று ஒரு கரிம உப்பு, அதுவும் கரைசலில் வளர்கிற படிகம்தான், டெராஹெர்ட்ஸ் கதிர் உண்டாக்க இன்று பயன்படுகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் சிலிக்கான் கால்வாயின் நடுவே ஒரு இடுக்கு விட்டு, அதில் கரிம மூலக்கூறை நிரப்பி, மின்புலத்தால் எல்லாவற்றையும் ஒரே திசையில் திருப்பி நிற்க வைக்கிறார்கள். படிகமாகவே இருக்க வேண்டியதில்லை, டேலி ஆகாமல் நின்றால் போதும். சிலிக்கானுக்கு இல்லாத குணத்தை இடுக்கில் இருக்கிறவன் கொடுக்கிறான், மூலக்கூறுக்கு இல்லாத உறுதியைச் சிலிக்கான் கொடுக்கிறது. நல்ல பார்ட்னர்ஷிப்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் விட்டால் மண்டைக்குள் குடையும். மணல். சோதனைக்கு அடிக்கிற அந்த 1064 லேசரின் உயிர் நியோடிமியம் என்ற தனிமம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியமும் உண்டு. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன்காரர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து இதைக் கண்டுபிடித்த கதை நம் ஊரில் பலருக்கும் தெரியும். தோரியம் அன்றைக்கு கேஸ் விளக்கின் மேன்டிலுக்குப் போனது. நம்ம மணல் போய் ஐரோப்பாவில் தெருவிளக்காக எரிந்தது. இன்றைக்கும் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாம் பிரிக்கிறார்கள். ரூட்டைல் என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு. அதிலும் ஒளிக்கால்வாய் செய்து பார்த்திருக்கிறார்கள். கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டமும் அதற்கு மீனவக் கிராமங்களின் எதிர்ப்பும் கிளம்பியபோது, டீக்கடையில் ஒருவர் "இந்த மண்ணுலதான்டே நாளைக்கு சிப்பு செய்யப் போறான்" என்று அடித்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். நான்கு அங்குல வட்டத் தகட்டின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 300 நானோமீட்டர் தடிப்பில் டைட்டானியம் டை ஆக்சைடு பூசினால் ஆகும் எடை 10 மில்லிகிராமுக்குள். ஒரு கிராமில் நூறு தகடு பூசலாம், சிந்திச் சிதறுவதைச் சேர்த்தாலும் ஒரு ஸ்பூன் போதும். ஒளிச் சிப்புக்காக யாரும் கடற்கரையைத் தோண்ட வேண்டியதில்லை. ரூட்டைல் பெயின்டுக்கும் வெல்டிங் ராடுக்கும்தான் டன் டன்னாகப் போகிறது. மணலை எடுக்கலாமா கூடாதா என்று சண்டை போடுகிறவர்கள் இந்தச் சிப் கதையை வெளியே வைத்துவிட்டே சண்டை போடலாம். விலை மண்ணில் இல்லை. அதைத் தகடாக்கி, செதுக்கி, நஷ்டமில்லாமல் ஒளியை ஓட்டத் தெரிந்தவன் கையில் இருக்கிறது.

அந்தக் கை இந்தியாவில் கொஞ்சம்தான் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் உதவியோடு சிலிக்கான் ஒளிச் சிப்புகளுக்கு ஒரு மையம் இயங்குகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நானோ அளவில் செதுக்குகிற வசதி இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கற்க வழி இல்லை. மாமாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தொழில் தேறும், ஆனால் பிள்ளையை அனுப்பினால்தான் தேறும்.

அவர் உடனே பணத்துக்கு வந்தார். அக்கா என்னை வைத்து எக்செல் ஷீட் போட வைத்தாள். சென்னைச் சம்பளம் பள்ளிக்கூடத்தைவிட ஆறாயிரம் கூட. தரமணியில் இரண்டு பேர் பங்கிடுகிற அறைக்கு வாடகை ஐந்தாயிரத்து ஐந்நூறு. மெஸ், பஸ், மாதம் ஒருமுறை ஊருக்கு வர ரயில் டிக்கெட். எப்படித் திருப்பிப் போட்டாலும் மாதம் இரண்டாயிரத்து எழுநூறு துண்டு விழுகிறது. ஊருக்கு வருவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினால் தொள்ளாயிரம் குறையும் என்றேன். பெரியம்மையிடம் அந்த வரியை மட்டும் காட்டாதே என்றாள்.

நேர்முகத்தில் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வியாம்: உங்கள் படிகத்தை அரை மைக்ரான் படலமாக்கச் சொன்னால் எப்படித் தொடங்குவீர்கள்? தெரியாது, ஆனால் எதில் கரையும் எதில் கரையாது, எத்தனை டிகிரியில் எப்படிச் சாகும் என்று எட்டு வருட நோட்டு இருக்கிறது என்றாளாம். அவர்கள் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்றாம் தேதி சேர வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு மாத நோட்டீஸ் பாக்கி. துண்டு விழுகிற இரண்டாயிரத்து எழுநூறைப் பற்றி மாமா இன்னும் வாய் திறக்கவில்லை. நேற்று கடையில் சும்மா கேட்கிற மாதிரி, "அந்த லித்தியம் நியோபேட்டு, அது உரத்துக்கு ஆவுமாடே?" என்று கேட்டார். ஆகாது மாமா என்றேன்.